வீடியோ போட்டால் வகுப்பு ஆகிவிடுமா? இணையவழித் தொலைநிலைக் கல்வி: ஓர் எளிய அறிமுகம்

"கரஸ்ல படிக்கிறேன்" என்று சொன்ன தலைமுறைக்கு அது எப்படி நடந்தது என்று தெரியும். டி.டி. எடுத்துக் கட்டணம் அனுப்பினால் சில வாரங்களில் பாடப் புத்தகங்கள் பார்சலில் வந்து சேரும். சனி, ஞாயிறுகளில் எங்காவது ஒரு கல்லூரியில் காண்டாக்ட் கிளாஸ். மற்ற நாட்களில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அசைன்மென்ட் எழுதி அனுப்பினால் மதிப்பெண் என்றைக்காவது வரும். எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்பது பெரும்பாலும் வராது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. அந்த வழியில் பட்டம் வாங்கி வேலையில் உயர்ந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள்.

ஆனாலும் அந்த முறையில் பாதி வேலைதான் ஒழுங்காக நடந்தது. பாடம் இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. மாணவருக்கு என்ன புரிந்தது, எங்கே தடுமாறினார் என்பது அங்கிருந்து இங்கே வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும். இணையம் சரிசெய்தது இந்தத் திரும்பும் பாதையைத்தான். ஆன்லைன் படிப்பு என்றதும் எல்லோரும் வீடியோவை நினைக்கிறோம். ஒளிபரப்புப் பாடத்தை டி.வி. எப்போதோ கொடுத்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே பிபிசியில் அதன் பாடங்கள் ஓடின. இந்தியாவில் 2004இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஏவினோம். அனுப்புவதில் நமக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

திரும்பும் பாதையின் அருமை தெரிந்தவர்கள் பழைய காலத்திலும் இருந்தார்கள். 1840இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஐசக் பிட்மன் தபாலில் சுருக்கெழுத்து கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் எழுதி அனுப்பியதை அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். திருத்தம் திரும்பி வந்ததால்தான் அது படிப்பு. இல்லாவிட்டால் வெறும் புத்தக விற்பனை. ஆஸ்திரேலியாவில் 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து 'வானொலிப் பள்ளி' தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணை வீடுகளில் குழந்தைகள் இருவழி ரேடியோவில் பாடம் கேட்டார்கள், ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அதிலேயே பதிலும் சொன்னார்கள். அப்படி மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ரேடியோ வழியாகப் பள்ளிப் படிப்பைத் தொடங்கிய ஒரு பையன்தான் மார்ட்டின் டூகியாமஸ். பிற்காலத்தில் பெர்த் நகரின் கர்டின் பல்கலைக்கழகத்தில் பாடங்களையும் பயிற்சிகளையும் இணையத்தில் நடத்தும், விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. அதில் அலுத்துப்போய்த் தானே ஒன்றை எழுதினார். 2002இல் வெளிவந்த அந்த மென்பொருளின் பெயர் மூடுல். இலவசம், மூல நிரலும் திறந்தது; யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கல்லூரியின் ஆன்லைன் தளமே மூடுலாக இருக்கலாம். லோகோவை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

ஒரு கேள்வியை அழுத்தும்போது என்ன நடக்கிறது

வலைப்பக்கம் என்பது அடிப்படையில் கேட்பதும் கொடுப்பதும்தான். உங்கள் போனில் உள்ள பிரவுசர், "இந்தப் பக்கம் வேண்டும்" என்று தொலைவில் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் என்ற கணினியைக் கேட்கிறது. சர்வர் கொடுக்கிறது. அதோடு அது உங்களை மறந்துவிடுகிறது. அடுத்த நொடி நீங்களே மறுபடி கேட்டாலும் அதற்கு நீங்கள் புது ஆள்தான். வலையின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபியை அப்படித்தான் வடிவமைத்தார்கள்.

செய்தி படிக்க இது போதும். படிப்புக்குப் போதாது. இவர் யார், மூன்றாம் பாடம் வரை முடித்தாரா, போன தேர்வில் என்ன விடை எழுதினார் என்பதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும். அதற்கு வந்ததுதான் குக்கி. சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. உள்ளே நுழைந்ததும் சர்வர் உங்கள் பிரவுசரிடம் ஓர் எண்ணைக் கொடுக்கும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பிரவுசர் அந்த எண்ணைக் காட்டும். சர்வர் தன் தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு உரியவரைத் தேடி எடுக்கும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி இதை உருவாக்கியது ஆன்லைன் கடைகளின் வணிகக் கூடைக்காக. கடைக்காகச் செய்ததில் வகுப்பறை ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இந்த நினைவாற்றல் மாணவருக்கு எப்படி உதவுகிறது என்று ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். ஏழாம் வகுப்புக் கணக்கு: 3/4 + 1/6 எவ்வளவு? நான்கு விடைகள் கொடுக்கிறோம்: 11/12, 4/10, 4/12, 4/24. சரியான விடை 11/12. மற்ற மூன்றையும் சும்மா வாய்க்கு வந்த எண்களாகப் போடவில்லை. 4/10 போட்ட பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 4/12 போட்ட பிள்ளைக்குப் பொது மடங்கு 12 என்பது தெரியும். ஆனால் தொகுதியை அதற்கேற்ப மாற்ற மறந்துவிட்டது. 4/24 போட்டது கீழே இருப்பவற்றைப் பெருக்கிவிட்டு மேலே வெறுமனே கூட்டியிருக்கிறது. மூன்றும் மூன்று வேறு தப்புகள்.

மூடுல் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதி வைக்கலாம். 4/10 போட்டவருக்கு உடனே இப்படி வரும்: "கீழே உள்ள எண்களைக் கூட்டியிருக்கிறீர்கள். 3/4 ஏற்கெனவே அரையை விடப் பெரியது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை அரையை விடக் குறையுமா? 4/10 அரையை விடச் சிறியது, பாருங்கள்." 4/12 போட்டவருக்கு இந்தக் குறிப்பு வராது, அவருக்கு வேண்டியது வேறு. அந்தப் பிள்ளை ஊரில் இருக்கிறதா, ஒரு கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவோடு ஏதோ துறைமுகத்தில் இருக்கிறதா என்பது பற்றி இதற்குக் கவலை இல்லை. பிட்மன் தபாலில் செய்ததேதான். நாள்கணக்கு போய் நொடிக்கணக்கு ஆகியிருக்கிறது.

இன்னொரு பக்கம் ஆசிரியர் திரையில் அறிக்கை விரிகிறது. பாதி வகுப்பு 4/10 போட்டிருந்தால் பிள்ளைகள் மக்கு என்று பொருள் இல்லை. பாடத்தில் அந்த இடம் தெளிவாக இல்லை. அடுத்த வகுப்புக்கு முன்னால் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிவிடலாம். அச்சிட்ட புத்தகத்தில் இதைச் செய்ய அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல கேள்விக்கு இப்படித் தவறான விடைகளையும் குறிப்புகளையும் எழுத அரை மணி நேரம்கூட ஆகும். ஒரு மணி நேர வீடியோ எடுப்பதை விட இது சலிப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். நேரம் குறைவாக இருந்தால் வீடியோவை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வீடியோ எப்படி வந்து சேர்கிறது

வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீணை வாசிப்பதையும் வெல்டிங் வைப்பதையும் எழுத்தில் விளக்கினால் யாருக்கும் புரியாது. ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் எவ்வளவு பயன்படுத்துவது என்பது புரியும்.

ஒரு மணி நேரப் பாடத்தை ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. சில விநாடிகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும்: மங்கலானது, நடுத்தரம், தெளிவானது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலும் இருக்கும். உங்கள் போன் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கி ஒட்டிக் காட்டுகிறது. முந்தைய துண்டு சீக்கிரம் வந்தால் அடுத்ததைத் தெளிவான தரத்தில் கேட்கும். தாமதமானால் மங்கலானதைக் கேட்கும். பஸ்ஸில் போகும்போது படம் திடீரென்று கலங்கி, டவர் வந்ததும் தெளிவது இதனால்தான். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இப்படிப்பட்டது; யூடியூப் பயன்படுத்தும் முறையும் இதே வகைதான்.

இப்போது கணக்கு. சுமாரான தரத்தில் வீடியோ நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்து, ஒரு மணி நேரத்தின் 3600 நொடியால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. கரும்பலகை எழுத்து பளிச்சென்று தெரிய 2000 கிலோபிட் கொடுத்தால் 900 எம்பி. தினமும் 1 ஜிபி டேட்டா பேக் போட்டிருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஒரு மணி நேரத்தை ஒலியாக மட்டும், பேச்சுக்குப் போதுமான 32 கிலோபிட்டில் அனுப்பினால் 15 எம்பிகூட வராது. ஆயிரம் சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரை? யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் பிடித்தாலும், மொத்தம் சுமார் 30 கேபிதான்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு பாடத்தைத் தயாரிக்கும்போது முதலில் எழுத்தில் வருமா என்று பார்ப்பேன். வராவிட்டால் எழுத்தோடு படம். அதுவும் போதாவிட்டால் ஒலி. அப்புறம்தான் வீடியோ. வீடியோ எடுத்தாலும் சின்னதாக எடுப்பது நல்லது. 2014இல் எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய ஆய்வு ஒன்று, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் மாணவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள் என்று காட்டியது. நம்மூரில் பலரும் ஐம்பது நிமிட வகுப்பைக் கேமரா வைத்து அப்படியே பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும் ஐந்து நிமிடமும் அதில் இருக்கும்.

வீடியோவுக்கு அடியில் வரும் வரிகளும் சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எந்த வரி என்று எழுதி வைத்திருப்பார்கள். நோட்பேடில் திறந்து திருத்தலாம். காது கேளாதவர்களுக்கு மட்டுமா பயன்? விடுதியில் பத்துப் பேர் இருக்கும் அறையில் இயர்போன் இல்லாமல் படிப்பவருக்கும், ஆங்கிலப் பாடத்தைத் தமிழ் வரிகளோடு பார்க்க விரும்புபவருக்கும் அதுதான் உதவி.

நேரலை வகுப்பு எதற்கு

ஜூம், கூகுள் மீட் போன்ற நேரலை வகுப்புகள் பார்வைக்கு வீடியோ போலவே இருந்தாலும் உள்ளே வேறு. பதிவு செய்த வீடியோவில் போன் முன்கூட்டியே சில துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும். இடையில் டவர் போனாலும் சமாளிக்கும். நேரலையில் இன்னும் பேசாத பேச்சை எப்படி முன்கூட்டி வாங்குவது? அதனால் தாமதமாக வரும் தரவை எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். குரல் இடையிடையே விட்டு விட்டுக் கேட்பது அப்படித்தான். எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே நேரலையில் பேச வழி செய்தது வெப்ஆர்டிசி. 2011இல் கூகுள் அதைத் திறந்துவிட்டது, 2021இல் அது முறையான வலைத் தரநிலையானது. வகுப்பு நடத்துவதற்கென்றே எழுதப்பட்ட பிக்புளூபட்டன் என்ற இலவச மென்பொருள் இதன் மேல்தான் ஓடுகிறது.

நாற்பது பேரும் கேமராவைப் போட்டால் ஒவ்வொருவருக்கும் மற்ற 39 பேரின் படமும் வந்து சேர வேண்டும். மென்பொருள்கள் படத்தைச் சிறிதாக்கி ஏதேதோ செய்து சமாளிக்கின்றன. இருந்தாலும் பழைய போன் சூடாகிவிடும். "கேமராவை ஆன் பண்ணு, அப்பதான் அட்டெண்டன்ஸ்" என்று சொல்லும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டைப் பிள்ளை எல்லோருக்கும் காட்ட விரும்பாது என்பதையும்.

விரிவுரைக்கு நேரலை வேண்டாம். அதைப் பதிவு செய்து முன்பே கொடுத்துவிடலாம். சந்தேகம் கேட்க, விவாதிக்க, ஒருவர் எழுதியதை எல்லோருமாகச் சேர்ந்து திருத்த, இதற்கெல்லாம் நேரலைக்கு ஈடு இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஞாயிறு காலை 7:30 என்றால் டொரொண்டோவில் கோடையில் சனி இரவு 10 மணி. குளிர்காலத்தில் 9 மணி. அங்கே கடிகாரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. வாட்ஸ்ஆப்பில் "நாளை காலை 7:30" என்று போட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் தவறவிடுவார். கற்றல் தளத்தின் நாட்காட்டியில் போட்டால் அவரவர் ஊர் நேரத்தில் காட்டும்.

கற்றல் தளம், வாட்ஸ்ஆப் குரூப்

பாடங்கள், பயிற்சிகள், மதிப்பெண்கள், கலந்துரையாடல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருளைக் கற்றல் மேலாண்மை அமைப்பு என்பார்கள். மூடுல், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் எல்லாம் இந்த வகை. கிளாஸ்ரூம் தொடங்க எளிது, சர்வர் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். மூடுலை நாமே ஒரு சர்வரில் நிறுவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு மேலே சொன்ன கேள்வி வேலையெல்லாம் அதில் ஆழமாகச் செய்யலாம்.

இப்போதும் பல இடங்களில் வாட்ஸ்ஆப் குரூப்தான் வகுப்பு. அறிவிப்புக்கு அதை விட நல்லது இல்லை, எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் பாடம் வைக்க அது ஏற்ற இடம் இல்லை. போன மாதம் அனுப்பிய பிடிஎஃப் நூறு "குட் மார்னிங்" படங்களுக்கு அடியில் கிடக்கும். யார் பயிற்சியை அனுப்பினார், யார் அனுப்பவில்லை என்று ஆசிரியர் கையால் எண்ண வேண்டும். தளத்தில் பாடத்தை வைத்துவிட்டு அதன் லிங்க்கை மட்டும் குரூப்பில் போடுவது எனக்குத் தெரிந்து நன்றாக ஓடும் ஏற்பாடு.

ஒரு தளத்துக்குச் செய்த பாடத்தை இன்னொரு தளத்துக்கு மாற்ற ஸ்கார்ம் என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் பிறந்தது. பாடம் முழுவதையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுப்பார்கள். 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னும் பரவலாக இருக்கிறது. அதில் மாணவர் விட்ட இடத்தைக் குறித்து வைக்க 4096 எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம். நீளமான பாடத்தில் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால் முதலிலிருந்து தொடங்குவதற்குச் சில நேரம் இந்தப் பழைய வரம்புதான் காரணம். தொடக்கத்தில் இருப்பவர்கள் இதற்கு மேல் ஸ்கார்மைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஸ்வயம், என்பிடெல் காட்டும் வழி

2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுக்க நடத்தினாலும் இத்தனை பேரைப் பார்க்க மாட்டார் என்பது உண்மை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாதியில் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. கட்டாயம் இல்லாத இலவசப் படிப்பில் இந்த நோய் இன்றுவரை தீரவில்லை.

நம் நாட்டில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் முதலில் விரிவுரை வீடியோக்களைத்தான் வெளியிட்டது. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கியபோது அதற்கு ஒரு தாளம் வந்தது. 2017இலிருந்து மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் அது இருக்கிறது. அந்தத் தாளத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். படிப்பு 4, 8 அல்லது 12 வாரம். ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து வீடியோக்களும் ஒரு பயிற்சியும் திறக்கும்; பயிற்சிக்குக் கெடு உண்டு, கெடு முடிந்தால் முடிந்ததுதான். 12 வாரப் படிப்பில் உங்கள் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரியை எடுப்பார்கள். அதாவது வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்று நான்கு வாரம் தவறினாலும் தாங்கும். பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வை ஒரு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பீட்டுப் புள்ளி பெறலாம் என்று யுஜிசி 2021இல் விதி வகுத்தது.

இதில் தொழில்நுட்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாரக் கெடு, சில வாரம் தவறினால் மன்னிப்பு, கடைசியில் நேரில் தேர்வு: மூன்றும் மனித சுபாவம் தெரிந்து வைத்தவை. கெடு இல்லாவிட்டால் யாரும் தொடங்க மாட்டார்கள். மன்னிப்பு இல்லாவிட்டால் முதல் தவறலிலேயே விட்டுவிடுவார்கள். நேரில் தேர்வு இருப்பதால் வேறொருவர் எழுதினாரோ என்ற சந்தேகம் இல்லை. வெப்கேமை வைத்துக் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கண்காணிக்கும் தேர்வுகளை எனக்குப் பிடிக்காது. டவர் போனதற்கும் காப்பி அடித்ததற்கும் அவற்றுக்குச் சில நேரம் வித்தியாசம் தெரிவதில்லை.

தமிழுக்கென்று பார்த்தால், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001லேயே தொடங்கிவிட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் நிறுவனத் தலைவர் வா.செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து தொலைநிலைக் கல்வியை உள்ளிருந்து பார்த்தவர். வெளிநாடு வாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மழலைக் கல்வியிலிருந்து சான்றிதழ், பட்டயம், பட்டம் வரை பாடங்கள். எழுத்தை அழுத்தினால் உச்சரிப்பு கேட்கும் வகைப் பாடங்கள் அதில் இருந்தன. ல, ள, ழ வேறுபாட்டை அச்சுப் புத்தகம் எப்படிச் சொல்லிக்கொடுக்கும்?

டவர் இல்லாத இடத்துக்கு

தொலைநிலைக் கல்வி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் நல்ல இணையம் இருப்பதில்லை. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு வேண்டியது எப்போதாவது மட்டுமே டவர் கிடைத்தாலும் ஓடும் பாடம்.

அதற்கு வலையிலேயே வழிகள் உண்டு. பிரவுசருக்குள் சேமித்து வைக்கப்படும் 'சர்வீஸ் வொர்க்கர்' என்ற சிறு நிரல், ஒருமுறை திறந்த பாடப் பக்கங்களைப் போனிலேயே வைத்துக்கொண்டு இணையம் இல்லாதபோது எடுத்துக் கொடுக்கும். மூடுலின் செயலியில் பாடங்களை முன்பே இறக்கிக்கொள்ளலாம்; ஆசிரியர் அனுமதித்திருந்தால் தேர்வைக்கூட இணையம் இல்லாமல் எழுதி, அப்புறம் டவர் கிடைத்ததும் அனுப்பலாம். இன்னும் ஒருபடி மேலே போய், கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு சின்ன ராஸ்ப்பெரி பை கணினியில் போட்டுப் பள்ளியில் வைத்துவிட்டால், பாடங்கள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். பிள்ளைகள் அந்த அறையின் வைஃபையில் சேர்ந்து படிப்பார்கள். வெளி இணையமே வேண்டாம். யார் எதை முடித்தார் என்ற கணக்கும் அதிலேயே பதிவாகும். வலைத் தொழில்நுட்பத்துக்கு இணைய இணைப்பு எப்போதும் தேவை என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

தமிழில் பாடம் எழுதுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அப்படியே ஏற்றாதீர்கள். கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பவை வேறு எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத போனில் குப்பையாகத் தெரியும். தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைபடிப்பான் மென்பொருளுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது. ஸ்கேன் செய்த பக்கங்களும் அப்படித்தான். கூடவே கனமும் அதிகம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரண வலைப்பக்கமாகப் போட்டால் போனின் திரைக்கேற்ப வரிகள் மடங்கி வரும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியதில்லை.

தொடங்க நினைப்பவருக்கு

டியூஷன் எடுப்பவர், வெளிநாட்டில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர், தையல் பயிற்சி கொடுப்பவர், யாராக இருந்தாலும் முழுப் படிப்பையும் தயாரித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கான பாடம் போதும். அதில் என்ன கற்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதைக் கற்றார்களா என்று காட்டும் ஐந்து கேள்விகளை முதலில் தயாரியுங்கள், தவறான விடைகளுக்கான குறிப்புகளோடு. கைவேலை என்றால் கேள்விக்குப் பதில் புகைப்படம் கேளுங்கள்: "தைத்த காலரை இரண்டு பக்கமும் படம் எடுத்து ஏற்றவும்." பிறகு அந்த ஐந்துக்கும் பதில் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை மட்டும் பாடமாக எழுதுங்கள். இந்த வரிசையில் போனால் தேவையில்லாத பாதி வீடியோக்களை எடுக்கவே மாட்டீர்கள்.

மாணவர் கேட்கும் சந்தேகத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் என்றால் ஒரு நாள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத அளவுக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டாம்.

பாடம் தயாரானதும் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில், மாணவராக உள்ளே போய்ப் பாருங்கள். ஆசிரியர் கணக்கில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இரண்டு கேள்விக்கு விடை போட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து ஃப்ளைட் மோடைப் போடுங்கள். திரும்ப இணைந்தபோது அந்த இரண்டு விடைகளும் அங்கேயே இருந்தால் மாணவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு அடுத்த வாரப் பாடத்தை எழுத உட்காரலாம்.